பக்கத்து வீட்டுப் பட்டாசு நமத்துப்போவதில்லை

இந்த ஊரில் தீபாவளி முடிந்த பிறகுதான் பட்டாசு விற்பார்கள். சாத்தூரில் இருக்கும் என் அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "சாப்பிட்டு முடிச்சப்புறம் இலை போடுற ஊரா அது?" என்று கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான். எந்தக் காலத்திலோ இங்கிலாந்தில் பாராளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்து மாட்டிக்கொண்ட ஒருவனின் பெயரால் நவம்பர் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் வாணவேடிக்கை விடுகிறார்கள். அந்தச் சில நாட்களில் மட்டும்தான் நியூசிலாந்துக் கடைகளில் பட்டாசு விற்க அனுமதி. வருடத்தில் எந்த நாளும் கொளுத்தலாம், ஆனால் எந்த நாளும் வாங்க முடியாது. நம் தீபாவளியோ பல வருடங்களில் அக்டோபரிலேயே வந்து போய்விடுகிறது. ஆகவே ஆக்லாந்தில் தீபாவளி கொண்டாடுகிறவன் இந்த வருடப் பட்டாசைப் போன வருடமே வாங்கியிருக்க வேண்டும். செப்டம்பர் பிறந்துவிட்டால் கோயிலிலும் ரயிலிலும் பார்க்கிற நம்மவர்கள் நலம் விசாரிப்பதுபோல ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள்: "போன வருஷ ஸ்டாக் இருக்கா?"

இருக்கிறதா என்பது பெரிய கேள்வியில்லை. எரியுமா என்பதுதான் கேள்வி. ஆக்லாந்தின் காற்றில் எப்போதும் ஈரம் நிற்கும். மழை பெய்தாலும் நிற்கும், பெய்யாவிட்டாலும் நிற்கும். உப்பு ஜாடியில் உப்பு பாறையாகிவிடும். அலமாரியில் தொங்கும் தோல் பெல்ட்டில் பச்சைப் பூசணம் பூக்கும். அண்ணன் பார்சல் அனுப்பும் காராச்சேவைப் பிரித்து வைத்தால் மறுநாள் காலை அது சேவு இல்லை, மாவுக் கயிறு. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் யந்திரம் ஒன்று எங்கள் வரவேற்பறையில் உறுமிக்கொண்டே இருக்கும். தினமும் காலையில் அதன் அடியில் இருக்கும் தொட்டியை இழுத்து வாசல் செடிக்கு ஊற்றுவது என் வேலை. நாங்கள் மூன்று பேரும் இரவெல்லாம் விட்ட மூச்சைத்தான் செடிக்கு ஊற்றுகிறேனோ என்று சில நாள் தோன்றும். இப்படிப்பட்ட ஊரில் வெடிமருந்தை ஒரு வருடம் நமத்துப்போகாமல் வைத்திருக்க வேண்டும்.

நான் சாத்தூர்க்காரன். சிவகாசிக்குப் பக்கம். எங்கள் ஊரில் பட்டாசை யாரும் பாதுகாப்பதில்லை. மழை வந்து ஈரமாகிவிட்டதா, மொட்டை மாடியில் முறத்தில் பரப்பி ஒரு மத்தியானம் வைத்தால் சரியாகிவிடும். அங்கே கவலை வேறு. தீபாவளி மறுநாள் காலை யார் வீட்டு வாசலில் காகிதக் குப்பை அதிகம் என்று தெருவே பார்க்கும். குப்பைதான் அந்த வீட்டின் கௌரவம். எதிர் வீட்டு மர வியாபாரி வீட்டு வாசலில் சிவப்புக் காகிதம் கணுக்கால் மறையக் கிடக்கும். எங்கள் வாசலில் கோலம் தெரியும். அந்தக் காலையில் வயிற்றில் ஒன்று சுருண்டு படுக்குமே, அதற்குப் பொறாமை என்று பெயர் எனக்கு அப்போது தெரியாது. முப்பது வருடம் கழித்து, கடல் தாண்டி, ஆக்லாந்தின் புறநகரான தகனினியில் கடனில் வாங்கிய வீட்டில் அது மறுபடி வந்து அதே இடத்தில் சுருண்டு படுத்தபோது அடையாளம் தெரிந்தது.

பக்கத்து வீட்டு ஜெறாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இலங்கை மன்னார்க்காரர், கத்தோலிக்கர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். கட்டட நிறுவனம் ஒன்றில் செலவு மதிப்பீடு செய்யும் வேலை. மனைவி றெஜினா பாலர் பள்ளி ஆசிரியை, அதிகம் பேசமாட்டார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நாங்கள் இருவரும் ஒரே ரயிலில் நகரத்துக்குப் போவோம். நல்ல மனிதர். அதுதான் சிக்கல். கெட்ட மனிதர் மேல் பொறாமை வந்தால் அதைக் கோபம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். நல்ல மனிதர் மேல் வந்தால் அது பொறாமையாகவே நிற்கும்.

இரண்டு தீபாவளிக்கு முன்னால் நடந்தது. அலுவலக நண்பர்கள் இரண்டு குடும்பத்தை அழைத்திருந்தேன். ஜெறாட்டையும் றெஜினாவையும் அழைத்தோம். ஜெறாட் மட்டும் வந்தார். "அவவுக்குத் தலையிடி" என்றார். அக்டோபரில் இங்கே எட்டு மணிக்குப் பிறகுதான் இருட்டும். அதுவரை பிள்ளைகளை வடையும் முறுக்கும் கொடுத்து அடக்கி வைத்தோம். என் மகள் யாழினிக்கு அப்போது எட்டு வயது. நான் சாத்தூரிலிருந்து வந்தவன் என்பதைத் தன் தோழிகளிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள். 'என் அப்பா பட்டாசு செய்கிற ஊர்க்காரர்' என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னதை நானே கேட்டேன். இருட்டியதும் கராஜிலிருந்து அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்து புல்வெளியில் வைத்தேன். தூக்கும்போதே அட்டை மெத்தென்று இருந்தது. முதல் புஸ்வாணத்தைப் பற்றவைத்தேன். அது ஒரு பெருமூச்சு விட்டு, கொஞ்சம் புகை கக்கி, அணைந்தது. இரண்டாவதும் அப்படியே. கம்பி மத்தாப்பு கருகியதே தவிரப் பூக்கவில்லை. வானத்தில் குண்டுகளை விரிக்க வேண்டிய வாணப் பெட்டி ஒரே ஒரு குண்டைப் பாதி உயரத்துக்குத் துப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டது. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெரியவர்கள் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அது இந்த ஊர் நாகரிகம்.

ஜெறாட் வேலிக் கதவைத் திறந்துகொண்டு அவர் வீட்டுக்குப் போனார். கையில் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் டப்பாவோடு திரும்பி வந்தார். கிறிஸ்துமஸுக்கு என்று எடுத்து வைத்திருந்தவை. "இருக்கட்டும் அண்ணை, இதைக் கொளுத்துவம். பிள்ளையள் பாவம்" என்றார். அவருடையது ஒன்றுகூடப் பிசகவில்லை. புஸ்வாணம் வேலியைத் தாண்டி எழுந்தது. பெட்டிகள் பச்சையும் ஊதாவுமாக வானத்தில் விரிந்தன. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் கை தட்டுகிற சத்தம் எனக்கே வேறு யாருடையதோபோல இருந்தது. எல்லாம் முடிந்து, புகை கலைவதற்குள் யாழினி என் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஒய் ஆர் அவர்ஸ் ஸோ பேட், அப்பா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அடுத்த மத்தாப்பு வாங்க ஜெறாட்டிடம் ஓடிவிட்டாள்.

அன்றிலிருந்து ஜெறாட்டின் எல்லாமே என் கண்ணில் பட ஆரம்பித்தன. அவர் புல்வெளியின் நிறம். அவர் மரத்தில் எலுமிச்சை காய்த்தது. மழை நாளில்கூட அவர் வீட்டுக் கொடியில் துணி காய்ந்துவிடுவது. "ஜெறாட் அண்ணன் கேக் கொடுத்தாரு" என்று என் மனைவி மீனா சொன்னால், "நம்ம வீட்ல இல்லாத கேக்கா?" என்பேன். மீனா மருத்துவமனையில் செவிலியர். நோயின் அறிகுறி தெரியாமல் இருக்குமா? என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள்.

உண்மையாக வலித்தது வேறொன்று. யாழினி இங்கே பிறந்தவள். நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். நான் திட்டியும் கெஞ்சியும் பரிசு வாங்கிக் கொடுத்தும் பார்த்துவிட்டேன். அந்தத் தீபாவளிக்குப் பிறகு பள்ளி விட்டதும் றெஜினாவிடம் போய் உட்கார ஆரம்பித்தாள். மீனாவுக்கு மாலை ஷிஃப்ட் இருக்கும் நாட்களில் எங்களுக்கும் அது வசதியாக இருந்தது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "தயிர் வேணுமாடா?" என்று கேட்டேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "ஓம்" என்றாள். நான் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். எட்டு வருடமாக நான் எதிர்பார்த்த தமிழ்ச் சொல் வந்துவிட்டது. அது என் சொல் இல்லை.

"ஆமான்னு சொல்லுடா" என்றேன்.

"ஜெறாட் மாமா ஓம்னுதான் சொல்றார்" என்றாள்.

மீனா சிரித்தாள். "எப்படியோ வாயத் திறந்து தமிழ் பேசுறாளே, அதுல உங்களுக்கு என்னங்க பிரச்சனை?" என்றாள். எனக்கு ஒரு பிரச்சனையும் இல்லை என்றேன். தயிரை ஊற்றினேன். கொஞ்சம் அதிகமாகவே ஊற்றிவிட்டேன்.

ஜெறாட்டிடமே கேட்டிருக்கலாம், 'எப்படி வைக்கிறீர்கள்?' என்று. தினமும் ரயிலில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கேட்க வாய் வரவில்லை. சாத்தூர்க்காரன் மன்னார்க்காரரிடம் பட்டாசைப் பற்றிக் கேட்பதா? ஆகவே அலுவலகத்தில் காலைத் தேநீர் நேரத்தில் ஷரனிடம் கேட்டேன். ஷரன் எங்கள் பிரிவில் மூத்தவர், இங்கேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரப் பெண்மணி, வீட்டு விஷயம் எதைக் கேட்டாலும் ஒரு வழி வைத்திருப்பவர். "கிராக்கர்ஸை வீட்டில் வைத்தால் ஈரமாகிவிடுகிறது. எப்படிக் கெடாமல் வைப்பது?" என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. காற்றுப் புகாத டப்பாவில் போடு, உள்ளே ஒரு சின்னத் துணியில் அரிசி முடிந்து வை, டப்பாவை ஹாட் வாட்டர் கப்போர்டில் வைத்துவிடு, என் அம்மா அப்படித்தான் வைப்பார் என்றார். இந்த ஊர் வீடுகளில் வெந்நீர்க் கொதிகலன் ஒரு அலமாரிக்குள் நிற்கும். அதன் வெப்பத்தில் அந்த அலமாரி எப்போதும் கதகதப்பாக இருப்பதால் துண்டுகளை அங்கேதான் அடுக்குவார்கள். "அப்படியும் நமத்துவிட்டால்?" என்றேன். "கவலைப்படாதே. மெதுவான சூட்டில் ஓவனில் கொஞ்ச நேரம் வை, மொறுமொறுவென்று வந்துவிடும்" என்றார். ஓவன் என்றதும் எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. இந்த ஊர்க்காரர்களுக்குத் தைரியம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். மலையிலிருந்து கயிறு கட்டிக் குதிக்கிறவர்கள்தானே.

நவம்பரில் கடை திறந்தது. வரிசையில் நின்றிருந்தபோது நாலு பேருக்கு முன்னால் ஜெறாட். கையை ஆட்டினார், நானும் ஆட்டினேன். அவர் எடுத்த பெட்டி என்ன அளவு என்று எட்டிப் பார்த்தேன். அதைவிடப் பெரியதை எடுத்தேன். இங்கே வெடி கிடையாது, ராக்கெட்டும் கிடையாது, தடை. புஸ்வாணமும் மத்தாப்பும் மேலே போய் விரிகிற பெட்டிகளும்தான். எல்லாவற்றையும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கி, அரிசி முடிச்சுகள் போட்டு, மூடியின் ஓரமெல்லாம் டேப் ஒட்டி, மீனா வேலைக்குப் போயிருந்தபோது அந்த அலமாரியின் கீழ்த்தட்டில், கொதிகலனுக்குப் பக்கத்தில் தள்ளி, முன்னால் பழைய துண்டுகளை அடுக்கி மறைத்தேன். அலமாரிக் கதவைச் சாத்தும்போது, அடுத்த தீபாவளியில் ஜெறாட்டின் முகம் எப்படி இருக்கும் என்று மனதுக்குள் பார்த்தேன். நன்றாகவே இருந்தது.

எட்டு மாதம் அது அங்கே இருந்தது. அவ்வப்போது துண்டை விலக்கித் தொட்டுப் பார்ப்பேன். பெட்டி கதகதவென்று, அடைகாக்கும் கோழியின் வயிறுபோல இருக்கும். திருப்தியாகச் சாத்திவிட்டு வருவேன்.

ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை. ஒரு வாரமாக மழை. யாழினிக்குச் சளி, நல்ல தடித்த துண்டு ஒன்றை எடுக்க மீனா அலமாரியைத் திறந்தாள். நான் சமையலறையில் இருந்தேன். அவள் கூப்பிடவில்லை. வெகுநேரம் சத்தமே இல்லாததால்தான் நானாகப் போய்ப் பார்த்தேன். துண்டுகள் தரையில் கிடந்தன. மீனா பெட்டியின் பக்கத்தில் குந்தியிருந்தாள். டேப்பைப் பிரித்திருந்தாள்.

"இது என்னங்க?"

"பட்டாசு."

"எனக்குக் கண்ணு தெரியுது. இங்க ஏன் இருக்கு?"

"நமத்துப்போகாம இருக்கும்னு..."

அவள் கையை நீட்டி அலமாரியின் பின் சுவரைத் தட்டிக் காட்டினாள். வெற்றுப் பலகைச் சத்தம் வந்தது. "இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

யாழினியின் கட்டில் இருந்தது. தலைமாடு.

"பிள்ளை தலைமாட்டுல வெடிமருந்து. பக்கத்துல கொதிக்கிற தண்ணி. எட்டு மாசமா." அவள் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "யார் சொன்னா இப்படி வைக்கச் சொல்லி?"

"ஆபீஸ்ல ஷரன்தான். அவங்க அம்மா காலத்துலேருந்து இப்படித்தான் வைப்பாங்களாம்."

"ஷரனா? நீங்க என்னன்னு கேட்டீங்க?"

"கிராக்கர்ஸ் எப்படி வைக்கிறதுன்னு கேட்டேன்."

மீனா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் ஒரு கணம் நின்று, வழி தெரியாமல் தடுமாறியது. "அவங்க பிஸ்கட்டச் சொல்லியிருக்காங்க" என்றாள். "சீஸ் வச்சுத் தின்பாங்களே, அந்த உப்பு பிஸ்கட். அதுக்குத்தான் இங்க கிராக்கர்ஸ்னு பேரு. பட்டாசுக்கு ஃபயர்வொர்க்ஸ்னுல்ல சொல்வாங்க!" சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தி, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாழினியின் மெத்தையைத் தனியாளாக இழுத்து எங்கள் அறைக்குக் கொண்டுபோனாள். உதவப் போனேன். "நீங்க முதல்ல அத வெளிய கொண்டுபோங்க" என்றாள். "அவரோட போட்டி போடணும்னா வேற எதுலயாவது போடுங்க. பிள்ளைய வச்சுப் போடாதீங்க."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் நின்றேன். கராஜில் வைக்கலாமா? அங்கேதானே போன முறை எல்லாம் செத்தது. பெட்டியைப் புல்லில் வைத்துவிட்டு அதற்குக் குடை பிடித்துக்கொண்டு நான் நனைந்துகொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜெறாட் பார்த்திருக்கிறார்.

"அண்ணை, என்ன செய்யிறியள் மழைக்குள்ள?"

சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன், பிஸ்கட் கதையை விட்டுவிட்டேன். அவர் வேலிக் கதவைத் திறந்தார். "இஞ்ச கொண்டு வாங்கோ. எங்கட ஷெட்டில வைப்பம்."

எட்டு மாதம் நான் கற்பனை செய்துவைத்திருந்த இரகசியம் அந்தத் தகரக் கொட்டகைக்குள் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் இரகசியம் என்று ஒன்றுமே இல்லை. ஒரு பலகைத் தட்டு, அதன்மேல் அந்த நீல டப்பா, அதற்குள் மருந்துப் புட்டிகளிலும் செருப்புப் பெட்டிகளிலும் வருமே, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கொட்டகை மழை நாளிலும் உலர்ந்த வாசம் வீசியது. "வடக்குப் பார்த்த பக்கம் அண்ணை. வெயில் எறிச்சா நாள் முழுக்க இதிலதான் விழும்" என்றார். அப்போதுதான் உறைத்தது. பூமியின் இந்தப் பாதியில் சூரியன் வடக்கு வானத்தில் போகிறது. வீடு வாங்கும்போது நான் கிழக்கு வாசல், தென்கிழக்கு அடுப்பு என்று வாஸ்து பார்த்து, கராஜ் எந்தத் திசையில் விழுந்தால் என்ன என்று விட்டுவிட்டேன். அது தெற்கில் விழுந்தது. குளிர்காலம் முழுக்க என் கராஜில் ஒரு துளி வெயில் படாது. ஊரிலிருந்து எடுத்து வந்த திசைகளை வைத்து நான் வீடு வாங்கியிருக்கிறேன். அந்த வெயில் எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறது.

"நல்ல யோசனையா இங்க வச்சிருக்கீங்க" என்றேன். மனமில்லாமல்தான் சொன்னேன்.

"யோசிச்சு வைக்கேல்ல அண்ணை." அவர் என் பெட்டிக்கு இடம் செய்வதற்காகத் தன் டப்பாவை நகர்த்திக்கொண்டிருந்தார். "வீட்டுக்குள்ள இருந்தா றெஜினா நித்திரை கொள்ளமாட்டா. அதுதான் இவ்வளவு தூரத்தில கொண்டுவந்து வைக்கிறன். அவவுக்கு வெடிச் சத்தம் சரிவராது. எனக்கும் முந்திச் சரிவராது. சத்தம் கேட்டா நாங்கள் பங்கருக்குள்ள ஓடிப் பழகின ஆக்கள்தானே. இஞ்ச வந்து, சத்தமில்லாமல் நிறம் மட்டும் வாற சாமான் விக்கிறாங்கள் எண்டு கண்டபிறகுதான் வாங்கிக் கொளுத்தினனான். முதல் தரம் கொளுத்தேக்க கை நடுங்கினது." கையை நீட்டிக் காட்டிச் சிரித்தார். "உங்கட மகள் பக்கத்தில நிண்டா நடுங்காது."

இதைக் கேட்டதும் என் பொறாமை கரைந்து போய்விட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். இப்படிப்பட்ட கட்டுரைகளில் அப்படித்தான் நடக்கும். எனக்கு அப்படி நடக்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்துக்கு அடியில், அவர் சொன்ன கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அது இன்னும் சுருண்டு படுத்திருந்தது. என் மகள் பக்கத்தில் நின்றால் இன்னொருவருக்குக் கை நடுங்குவதில்லை. என் பக்கத்தில் அவள் கடைசியாக எப்போது நின்றாள் என்று யோசித்துக்கொண்டே நனைந்த செருப்போடு வீட்டுக்கு வந்தேன்.

அந்த வருடத் தீபாவளிக்கு நாங்கள் ஆக்லாந்தில் இருக்க முடியவில்லை. அண்ணன் மகளுக்கு வைகாசியில் திருமணம் நடந்திருந்தது. திருமணத்துக்கு வரவில்லை, தலைதீபாவளிக்காவது வா என்று அண்ணன் பிடிவாதமாக அழைத்தார். கிளம்புவதற்கு முந்தின நாள் ஜெறாட் வேலியருகே வந்தார். "அண்ணை, உங்கட பெட்டியை என்ன செய்யிறது? திரும்பி வந்து கொளுத்துறியளோ?" என்று கேட்டார். எடுத்து வையுங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். யாழினி முந்திக்கொண்டாள். "நீங்க கொளுத்துங்கோ மாமா. நான் போன்ல பார்க்கிறன்" என்றாள். 'போன்' ஒன்றைத் தவிர ஆங்கிலச் சொல்லே இல்லாத முழு வாக்கியம். "கொளுத்துங்க ஜெறாட்" என்றேன் நானும். வேறென்ன சொல்வது?

சாத்தூரில் மாப்பிள்ளைக்காக அண்ணன் வண்டியில் பட்டாசு இறக்கியிருந்தார். எல்லாம் அந்த மாதம் செய்தது. கையில் எடுத்தால் சலசலவென்று உலர்ந்த சத்தம். விடியுமுன்பே எண்ணெய் தேய்த்துக் குளித்து, மாப்பிள்ளை முதல் சரத்தைக் கொளுத்தினார். தெருவே அதிர்ந்தது. நான் சிறுவனைப்போல ஓடி ஓடிப் பற்றவைத்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. ஒருவழியாக என் மகள் முன்னால் என் பட்டாசு வெடிக்கிறது என்று திரும்பிப் பார்த்தால் யாழினி அங்கே இல்லை. உள்ளறையில், இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, அண்ணி மடியில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

"பயமா இருக்காத்தா?" என்று அண்ணி கேட்டார்.

"ஓம். சரியான சத்தம்" என்றாள்.

"என்னடா தம்பி, பிள்ள சிலோன்காரி மாதிரில்ல பேசுது!" என்று அண்ணன் வீடு அதிரச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவளை மறுபடி மறுபடி பேசச் சொல்லிக் கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில், தான் செய்த தப்பு என்ன என்ற கேள்வி இருந்தது. "ஓம்னாலும் ஆமான்னுதான் அர்த்தம்" என்று அண்ணனிடம் சொன்னேன். என் குரல் எனக்கே கொஞ்சம் கடுமையாகக் கேட்டது. அண்ணன் சிரிப்பை நிறுத்தினார்.

மத்தியானம் இலை போட்டு எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தோம். யாழினி என் கைபேசியை எடுத்துக்கொண்டு வந்து, இப்போது அங்கே இருட்டியிருக்கும் என்றாள். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்கவில்லை. இருவரும் மொட்டை மாடிக்கு ஏறினோம். ஐப்பசி மாதத்திலும் சாத்தூர் வெயில் சாத்தூர் வெயில்தான்; தளம் காலைச் சுட்டது, அவள் என் பாதங்கள் மேல் தன் பாதங்களை வைத்து ஏறி நின்றுகொண்டாள். அழைப்பு போனது. ஜெறாட்டின் குரல் வந்தது. படம் மட்டும் தெரியவில்லை, வெயிலில் திரை வெறும் கண்ணாடியாக எங்கள் இருவர் முகத்தையே காட்டியது. குனிந்து, உள்ளங்கையைக் குவித்துத் திரைக்கு நிழல் கொடுத்தேன்.

உள்ளே இரவு இருந்தது. ஈரப் புல். எங்கள் வீட்டுச் சுவரின் ஒரு ஓரம். அண்டை வீட்டார் சிலர், கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்கள். மூடிய கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், உள்ளே, றெஜினா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணை, இது உங்கட பெட்டி" என்று ஜெறாட் குனிந்து பற்றவைத்தார். புஸ்வாணம் எழுந்தது. மெல்ல ஆரம்பித்து, ஆள் உயரம் போய், வேலியைத் தாண்டி, என் வீட்டுக் கூரை விளிம்புவரை பொன்னிறமாக எழுந்தது. யாழினி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அங்கே எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ ஒரு பிள்ளை, யார் பிள்ளையோ தெரியவில்லை, இன்னொன்று இன்னொன்று என்று கத்தியது. என் பட்டாசு, என் வேலி, என் கூரை. நான் இல்லை. அங்கே நின்று கைதட்டிக்கொண்டிருந்த ஒவ்வொருவர் மேலும் எனக்கு அப்படி ஒரு பொறாமை வந்தது.

"தம்பி, கீழ வா. மாப்ள கூப்பிடுறாரு, அடுத்த சரம் நீ கொளுத்தணுமாம்" என்று படிக்கட்டிலிருந்து அண்ணன் குரல் கேட்டது. "இதோ வர்றேன்" என்றேன். புறங்கை வெயிலில் காந்தியது. கையை எடுத்தால் அங்கே இருக்கும் இரவு போய்விடும். எடுக்காமல் நின்றேன். என் பாதங்களின் மேல் யாழினியின் எடை அழுந்திக்கொண்டிருந்தது.